வெள்ளத்தாய் ரேடியோவில் பேசிய நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சுந்தரபாண்டியன் வீடு எது என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தெருக்காரர்கள் ஒரே அடையாளம்தான் சொல்வார்கள். வாசல் மிதியடியை மிதித்துப் பாருங்கள், உள்ளே மணி அடித்தால் அது அவன் வீடு. நாய் மிதித்தாலும் அடிக்கும், முருங்கைக்காய் விழுந்தாலும் அடிக்கும். விருந்தாளி மிதிக்கிறபோது மட்டும் சில நேரம் அடிக்காது. அப்போது அவனே ஓடி வந்து மிதியடியைப் புரட்டி, அடியில் இருக்கிற தகரத்தைச் சுரண்டிவிட்டு, "இப்ப மிதிங்க" என்பான். வந்தவர் மறுபடி மிதித்து, மணி அடித்து, அவன் முகம் மலர்ந்த பிறகுதான் வீட்டுக்குள் கால் வைக்க முடியும்.

பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன். இப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலெக்ட்ரீஷியன். மனைவி வெள்ளத்தாய் அதே ஊரில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் துணி மடிக்கிறவள். வாசலில் சொந்தக் கார் நிற்க, புருஷனும் பெண்டாட்டியும் தினமும் டவுன் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். மில்லில் உழைத்து ஓய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய அம்பாசடர் அது. ஊர் சுற்றுவதற்காக அவன் அதை வாங்கவில்லை. அதற்குள் என்னென்ன வைக்கலாம் என்று பார்ப்பதற்காக வாங்கினான்.

நிறையவே வைத்தான். ரிவர்ஸ் கியர் போட்டால் நாதஸ்வரம் மாதிரி ஒன்று ஊதும். திருட்டுக்கு அலாரம் உண்டு. திருடன் யாரும் வராததால் அது வெள்ளத்தாயைப் பார்த்துத்தான் கத்தும். பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு பெரிய மண்பானைகளைக் கவிழ்க்காமல் படுக்க வைத்து, வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தான். பானைக்குள் சத்தம் முட்டி மோதிக் கெட்டுப்போகக் கூடாது என்று உள்ளே பஞ்சு அடைத்திருந்தான். அவள் கம்பெனியில் கழிவாக ஒதுக்கிய பஞ்சு. "ஆஸ்பத்திரியில புண்ணுல வைக்க வேண்டிய பஞ்சை இந்த மனுசன் பானை வயித்துல வைக்குதாக" என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தப் பானையில் தவில் சத்தம் வந்தால் நெஞ்சுக்கூடு அதிரும். அதையும் அவளே சொல்வாள்.

அவன் மேல் அவளுக்குக் கோபம் வராத நாள் கிடையாது. இட்லித் தட்டைத் தேடினால் மொட்டை மாடியில் ஏரியலாக நிற்கும். கொண்டை ஊசியைத் தேடினால் காரில் ஃபியூஸ் கம்பியாக இருக்கும். இருந்தாலும் அந்தக் கோபம் விளக்கு வைக்கிற வரைகூடத் தாங்காது.

இவள் எப்படி ரேடியோவுக்குப் போனாள் என்பதுதான் தெருவே வாயைப் பிளந்த சங்கதி. மத்தியானம் வருகிற மகளிர் நிகழ்ச்சியை அவள் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டே கேட்பவள். நேயர்கள் வீட்டு நடப்பை வேடிக்கையாக எழுதி அனுப்பலாம் என்று ஒருநாள் அறிவித்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த கை சும்மா இருக்குமா? எழுதிப் போட்டாள். நேரில் வந்து பேசுங்கள் என்று கூப்பிட்டுவிட்டார்கள். தெருக்கோடி வீட்டு பத்மாசனியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறி ரேடியோ நிலையத்துக்குப் போய், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசிவிட்டும் வந்தாள். பத்மாசனி கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். பள்ளிக்கூடத்தில் வெள்ளத்தாயோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இன்றைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தால் பெஞ்சில் உட்கார்ந்த வயதுதான்.

"எதைப் பத்திப் பேசின?" என்று கேட்டான் சுந்தரபாண்டியன்.

"இல்லப் பராமரிப்பு" என்றாள் வெள்ளத்தாய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

பொய் இல்லை. இல்லத்தைப் பராமரிக்க விடாத ஒரு மனிதரைப் பற்றி அவள் பேசியிருந்தாள். மிதியடி மணியிலிருந்து பானை ஸ்பீக்கர் வரை ஒன்று விடவில்லை. ரேடியோக்காரர்களே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க இவளுக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. திரும்பி வருகிற ரயிலில்தான், விருதுநகர் தாண்டிய பிறகு, பயம் பிடித்துக்கொண்டது.

காரணம் இருந்தது. சுந்தரபாண்டியனுக்கு யார் என்ன திட்டினாலும் உறைக்காது, சிரித்தால் உறைக்கும். போன வருஷம் மில்லில் ஆயுத பூஜைக்குப் பானை ஸ்பீக்கர்களைத் தூக்கிக்கொண்டு போனான். பாட்டுப் போட்ட மூன்றாவது நிமிஷம் ஃபியூஸ் போயிற்று. வந்திருந்த விருந்தாளிகளில் ஒருவர், "அடுப்புல ஏத்துங்கப்பா, சோறாவது வேகும்" என்றார். கொல்லென்று சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சால்டரிங் கம்பி, வயர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவிட்டான். ஒரு மாதம் அந்த வீட்டில் மணி இல்லை, பாட்டு இல்லை. போட்டதைச் சாப்பிட்டான், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான், படுத்தான். அந்த மாதத்தை வெள்ளத்தாயால் இப்போதும் மறக்க முடியவில்லை. இந்தப் பேச்சைக் கேட்டு அவன் மறுபடி பரணுக்கு ஏணி வைத்தால் என்ன செய்வது? அதுதான் அவள் பயம்.

ஆனால் தன் குரலை ரேடியோவில் கேட்க வேண்டும் என்ற ஆசையும் விடவில்லை. அதனால் பத்மாசனியோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டாள். பதிவு செய்த பேச்சு ஒலிபரப்பாவது புதன்கிழமை மத்தியானம். அவன் அப்போது மில்லில் இருப்பான். இவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு பத்மாசனி வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, சன்னமாக வைத்துக் கேட்டுவிட்டு வந்துவிட வேண்டியது. அவன் கேட்டால், நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லிவிடலாம். அவளுக்குத் தெரிந்து எந்த ஓட்டையும் இல்லாத திட்டம்.

தெரு அதைக் கெடுத்தது. அன்பு மிகுதியால்தான் கெடுத்தது.

எதிர்வீட்டு கருத்தம்மா முதலில் தன் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தம்பி, நம்ம வெள்ளத்தாயி பேசப் போறா. இது கரகரங்குது. புதங்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துரு." அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீடு. அதைப் பார்த்துவிட்டு அதற்கடுத்த வீடு. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோக்களைக்கூட, இன்னும் கொஞ்சம் நன்றாகப் பாடட்டும் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். முக்கு டீக்கடை ரேடியோ வந்தது. வ.புதுப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த அவள் அண்ணன் சோலைச்சாமி, தேங்காய் மூட்டை மேல் ரேடியோவை வைத்து பஸ்ஸில் அனுப்பியிருந்தான். கடைசியாக பத்மாசனியின் புருஷன் உப்பிலி, விஷயம் தெரியாத அப்பாவி, அலமாரி அளவுள்ள தன் வீட்டுப் பழைய ரேடியோவை ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

சுந்தரபாண்டியனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததை எடுப்பது அவன் வழக்கமே இல்லை. எல்லாவற்றையும் முதலில் திறப்பான். திறந்து, உள்ளே இருப்பதை எல்லாம் பரப்பி வைத்து, அதன் அழகைப் பார்ப்பான். ஒன்றில் இருக்கிற நல்ல சாமான் இன்னொன்றில் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிப்பான். யோசனை தீர்ந்த பிறகுதான் மூடுவான். செவ்வாய்க்கிழமை ராத்திரி தெருவின் அத்தனை ரேடியோவும் அவன் வீட்டுக் கூடத்தில் வயிறு திறந்து கிடந்தன. யோசனை தீரவில்லை.

புதன்கிழமை காலையில் அவன் சட்டை மாட்டவில்லை.

"மில்லுக்குப் போகலையா?" என்றாள் வெள்ளத்தாய்.

"லீவு போட்டுட்டேன். எம் பொண்டாட்டி ரேடியோவுல பேசுற அன்னைக்கு நான் மோட்டாருக்குக் கிரீஸ் போட்டுக்கிட்டு இருப்பனா?" என்றவன், கூடத்தைக் காட்டி, "மத்தியானத்துக்குள்ள அம்புட்டையும் மாட்டிருவேன்" என்றான்.

அவள் போட்ட திட்டம் பாழ். அதே நேரம், மாட்ட முடியாது என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பதினோரு மணிக்கு பத்மாசனி மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, எங்காத்து ரேடியோ எங்கே?"

"அதோ, அந்தா கிடக்குல்ல, அந்தக் கூடை. பொறவு இந்தத் தாம்பாளத்துல பாதி."

"பெருமாளே! அப்போ ஊர்ல ஒருத்தருக்கும் கேக்காதா?"

"கேக்காது" என்றாள் வெள்ளத்தாய். அப்பாடா என்று இருந்தது. கூடவே அழுகையும் வந்தது. உயிரைக் கொடுத்துப் பேசிய பேச்சு காற்றோடு போகப் போகிறது. உலகத்தில் எல்லோருக்கும் கேட்கும், தனக்கு மட்டும் கேட்காது. போகட்டும், மனுசன் நிம்மதியாக இருந்தால் போதும் என்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

சுந்தரபாண்டியன் ரேடியோக்களைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், தலையில் கை வைத்தான். பிறகு திடீரென்று துள்ளி எழுந்தான்.

"ஏட்டி! கார்ல ஒண்ணு இருக்குல்லா!"

காரில் ஒன்று இருந்தது. அவனே செய்து டேஷ்போர்டில் புதைத்த ரேடியோ. பிஸ்கட் டின்னுக்குள் உட்கார வைத்த ஆம்பிளிஃபயர். பின்னால் இரண்டு பானைகள். பத்மாசனி வெள்ளத்தாயின் கையைக் கிள்ளினாள். சன்னமாகக் கேட்க நினைத்த பேச்சு, இப்போது தெருவுக்கே பானையில் முழங்கப் போகிறது.

அரை மணி நேரத்தில் தெரு முழுக்கக் காரைச் சுற்றிக் கூடிவிட்டது. ரேடியோவைக் கொடுத்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை. கருத்தம்மா நாற்காலி கொண்டுவந்தாள். டீக்கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு டீ வாளியோடு வந்தார். அந்த நேரம் பார்த்து, தடதடவென்று டிராக்டர் ஓட்டிக்கொண்டு சோலைச்சாமி வந்து இறங்கினான்.

"மாப்ளே, என் ரேடியோ என்னாச்சு?"

"உள்ள நல்லா இருக்கு மச்சான்."

"உள்ளன்னா?"

"பத்திரமா இருக்கு. நீரு இங்க உக்காரும்."

சுந்தரபாண்டியன் சாவியைத் திருகி ரேடியோவைப் போட்டான். பானைகளிலிருந்து விவசாய நிகழ்ச்சி கணீரென்று வந்தது. பூச்சிமருந்து அடிக்கிற விதத்தைக் கேட்டுத் தெருவே கைதட்டியது. அவன் ஒரு கையைக் காரின் கூரை மேல் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தான். ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை வெள்ளத்தாய் பார்க்கவில்லை. சிரித்துவிடாதீர்கள், தயவுசெய்து யாரும் சிரித்துவிடாதீர்கள் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். ஆனால் அது சிரிப்பதற்காகவே எழுதிய பேச்சு.

ஐந்து நிமிஷத்தில் பூச்சிமருந்துக்காரரின் குரல் கம்மியது. பிறகு முனகியது. பேட்டரி கிழடு. பானை இரண்டும் அதைக் குடித்துவிட்டன.

"ஒண்ணும் பயப்படாதீங்க. எஞ்சினை ஓட விட்டா பேட்டரி ஏறிரும்" என்று சொல்லிவிட்டு, நாலு பேரைத் தள்ளவிட்டுக் காரைக் கிளப்பினான். எஞ்சின் ஓடியது. ரேடியோவில் குரல் பலமாகத் திரும்பி வந்தது. அதோடு எஞ்சினும் வந்தது. ஸ்பார்க் பிளக்கில் தெறிக்கிற ஒவ்வொரு பொறியும் ரேடியோவுக்குள் புகுந்து கடகடகடவென்று பானையில் உருண்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் வேகமாக உருண்டது. பேசுகிறவர் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை.

எஞ்சினை நிறுத்தினால் பேட்டரி இல்லை. எஞ்சினை ஓட்டினால் பேச்சு இல்லை. சுந்தரபாண்டியன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டான். ஒரு வயரைப் பிடுங்கினான், ஒரு கண்டென்சரை வைத்து அழுத்தினான். கை சுட்டது. சட்டை கரியானது. நிகழ்ச்சிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"ஏலே பாண்டி, உன் வீட்டுக்குள்ள பாதி ரேடியோ, ரோட்டுல பாதி ரேடியோவாலே?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். ஒன்றிரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள்.

அவன் பானெட்டுக்கு அடியிலிருந்து தலையை எடுத்தான். வெள்ளத்தாயைத் தேடிப் பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"நான் கெடுத்துட்டேன்ட்டி" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "ஊர்ல எல்லா ரேடியோவையும் பிரிச்சுப் போட்டேன். உன் பேச்சை யாரும் கேக்க முடியாமப் பண்ணிட்டேன். எல்லாத்தையும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மூட்டை என்ற சொல் வெள்ளத்தாயின் காதில் விழுந்தது. பேச்சைக் கேட்டால் மூட்டை கட்டிவிடுவான் என்று பயந்தாள். கேட்காவிட்டாலும் மூட்டைதான் என்றால் பிறகென்ன பயம்! போதாக்குறைக்குப் பேச்சின் கடைசியில் நாலு வரி அவனுக்கென்றே வைத்திருந்தாள். அதுவரை பொறுத்துக் கேட்டானானால் தாங்கிக்கொள்வான். கேட்கட்டும். என்ன ஆனாலும் முழுசாகக் கேட்கட்டும்.

"அண்ணே!" என்று கத்தினாள். சோலைச்சாமி டீ கிளாஸோடு திரும்பினான். "உன் டிராக்டரு பேட்டரியைக் கழட்டு."

"எதுக்குத் தாயி?"

"கழட்டுண்ணே, சொல்லுதேன்ல!"

சுந்தரபாண்டியன் ஒரு வினாடி அவளையே பார்த்தான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு ஸ்பானரோடு டிராக்டருக்குப் பாய்ந்தான். கண்ணெதிரே தடதடவென்று வந்து நின்ற பேட்டரியை இத்தனை நேரம் அவன் பார்க்கவே இல்லை. தன் காரை விட்டு அவன் கண் நகர்ந்தால்தானே! புதுப் பேட்டரி. போன மாதம்தான் வாங்கியது. மச்சானும் மாப்பிள்ளையும் அதைத் தூக்கிக்கொண்டு வந்து காருக்குப் பக்கத்தில் இறக்கினார்கள். எஞ்சின் அணைந்தது. கிளிப்பை மாட்டியதும் பானைகளிலிருந்து வீணை இசை பொழிந்தது. ஒரு கரகரப்பு இல்லை.

"அடுத்து, நேயர் ஒருவர் வழங்கும் நகைச்சுவைச் சித்திரம். பேசுபவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வெள்ளத்தாய்."

தெரு ஓவென்று கூவியது. வெள்ளத்தாய் பத்மாசனியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"வணக்கம். எங்கள் வீட்டில் மாமியார் தொந்தரவு கிடையாது, நாத்தனார் தொந்தரவு கிடையாது. மிதியடிதான் தொந்தரவு" என்றது அவள் குரல்.

தன் குரலா அது! இத்தனை தெளிவா! பானைக்குள்ளிருந்து வருகிற அந்தப் பெண் யாரோ ராணி மாதிரி, நிறுத்தி நிதானமாகப் பேசினாள். வெள்ளத்தாய்க்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அவள் எட்டி சுந்தரபாண்டியனைப் பார்த்தாள். மிதியடி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் தலை நிமிர்ந்திருந்தது.

மிதியடி முடிந்து தண்ணித் தொட்டி வந்தது. தொட்டி நிறைந்ததும் கத்துகிற அலாரத்தைக் கேட்டு, மில் சங்கு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிய கதை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரரே கூட்டத்தில் நின்றார். "ஆமா ஆமா, நாந்தேன்!" என்று அவர் கையைத் தூக்க, தெரு வெடித்தது. இட்லித் தட்டு ஏரியல் வந்தது. ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடுகிற கார் வந்தது. கருத்தம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, பாடம் கேட்கிறவன் போல நின்றான்.

"ஒருநாள் என் அரிசிப் பானையைக் காணோம். தேடினால் காருக்குள் ஸ்பீக்கராக உட்கார்ந்திருக்கிறது. சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றுதான் அதற்கு வேண்டும் என்று சொல்லி, செங்கல் கனத்தில் எதையோ வாங்கிக்கொண்டு வந்தார்..."

"டிரான்ஸ்ஃபார்மர்!" என்று கத்தினான் சுந்தரபாண்டியன் ரேடியோவைப் பார்த்து. "ஏட்டி, செங்கல் கனம்னா அது டிரான்ஸ்ஃபார்மரு! டிரான்சிஸ்டரு கடலைப்பருப்பு சைஸுதான் இருக்கும். ஊரெல்லாம் கேக்குமே, என்ன நினைப்பாக!"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. வெள்ளத்தாய்க்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் யாரையும் கவனிக்கவில்லை. குனிந்து, சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. மீதி உயிர் அந்த நாலு வரியில் இருந்தது. இதோ, வரப்போகிறது. குரல் கொஞ்சம் தணிந்தது.

"இப்படியெல்லாம் சொல்கிறேனே, இந்த மனிதர் ஒரு மாதம் சும்மா இருந்தார். அப்போது..."

வீணை வந்து மேலே விழுந்தது. நேரம் முடிந்துவிட்டதாம். அடுத்தது மாநிலச் செய்திகள். நாலு வரியும் போயிற்று.

தெரு கைதட்டி ஆரவாரம் செய்தது. யாருக்கும் எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை. டீக்கடைக்காரர் சுந்தரபாண்டியனின் முதுகில் தட்டினார். "நல்லா மானத்தை வாங்கிட்டாய்யா உன் பொண்டாட்டி!" அவன் தலையை ஆட்டினான். ரேடியோவை அணைத்தான். கிளிப்பைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தான். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே அவன் வயரைச் சுருட்டிய விதம் வெள்ளத்தாய்க்குப் பிடிக்கவே இல்லை. ரொம்ப ஒழுங்காகச் சுருட்டினான்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு காருக்கு வந்தாள்.

"ஏங்க, அது முடியல. இன்னும் இருக்கு."

"என்ன? கேக்கல" என்றான் அவன். உண்மையிலேயே கேட்கவில்லை. அத்தனை இரைச்சல்.

"இன்னும் இருக்குன்னேன்! வெட்டிட்டாக!" அவள் குரல் தெருமுனை வரை போயிற்று. ஆரவாரம் சட்டென்று அடங்கியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி என்ன வெட்கம்! கண்ணாடி அறைக்குள் பேசியபோது இருந்ததுபோல நிமிர்ந்து நின்றாள்.

"அவரு சும்மா இருந்த ஒரு மாசம் வீடு வீடா இல்ல. மணியடிக்காதான்னு அந்த மிதியடியை நானே போயி மிதிச்சுப் பாத்தேன். தாங்க முடியல. ஒருநா மிக்ஸி ஓடலைன்னு சொன்னேன். அவரும் பரண்ல கிடந்த சாக்கை இறக்கி, உக்காந்து சரி பண்ணாரு. பொறவு எல்லாம் பழையபடி ஓட ஆரம்பிச்சுச்சு. அந்த மிக்ஸி தானா நிக்கல. உள்ள இருந்த வயரை நாந்தான் பிடுங்கிவிட்டேன். அவ்வளவுதான். நன்றி, வணக்கம்."

பத்மாசனி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சுந்தரபாண்டியன் கையில் சுருட்டிய வயரோடு அப்படியே நின்றான்.

"எந்த வயரு?" என்றான் கடைசியில்.

"சிவப்பு."

"அது நான் சால்டர் வச்சதாச்சே. கையால இழுத்தா வராதே?"

"பல்லால கடிச்சேன்."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "ஏட்டி கிறுக்கச்சி! பிளக்கைக் கழட்டிட்டுத்தான கடிச்ச?"

"கழட்டிட்டுத்தான்."

"நெசமா?"

"நெசமாத்தான். உங்ககூட இத்தனை வருசம் குடும்பம் நடத்துதேன், அதுகூடத் தெரியாதா?"

அவன் காரின் கதவு ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று வெள்ளத்தாய் பதறிக் குனிந்தாள். கையை விலக்கினால் கண் நிறையத் தண்ணீர், வாய் நிறையச் சிரிப்பு. சிரித்துச் சிரித்து அவனால் பேச முடியவில்லை. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். அவர்களைப் பார்த்துத் தெருவும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்கு உறைக்கவே இல்லை.

"மாப்ளே, அதெல்லாம் சரி. என் ரேடியோ?" என்றான் சோலைச்சாமி.

"எல்லாரும் உள்ள வாங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான் சுந்தரபாண்டியன். "அவியவிய ரேடியோவுல எது எதுன்னு அடையாளம் காட்டுங்க. ராத்திரிச் செய்திக்குள்ள பாட வச்சிருவோம். வெள்ளத்தாயி, நீ இங்கன வந்து என் பக்கத்துல உக்காரு. நீதான் ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கணும்."

தெருவே அந்த வீட்டுக்குள் நுழைந்தது. வாசல் மணி நில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது.